ஆடைத் தொழிலாளர்களின் வேலை நேரத்தைக் குறைக்கும் கோரிக்கை: குளுவாங் வட்டாரப் பெண்கள் கேட்ட கேள்விகளும் எங்கள் பதில்களும்

ஜோகூர் மாநிலத்தின் குளுவாங், நியோர், பாலோ, ரெங்கம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் (குடியிருப்புப் பகுதிகள்) பேக்டரி பஸ் ஏறித் தையல் வேலைக்குப் போகிற அக்கா தங்கச்சிமார் சங்கக் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். பதில் எழுதுகிற நானும் காலர் வைக்கும் லைனில் உட்கார்ந்தவள்தான். எந்தக் கம்பெனியின் பெயரும் இதில் வராது. சொல்லியிருப்பவை எல்லா லைனிலும் நடக்கிறவைதான்.

சங்கம் என்ன கேட்கிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

வேலை நேரம் பற்றி மூன்று கேட்கிறோம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி, ஆக 40 மணி நேர வேலை. அதற்காக மாதச் சம்பளத்தில் ஒரு காசும் குறையக் கூடாது. டார்கெட்டை, அதாவது தைத்து முடிக்க வேண்டிய எண்ணிக்கையை, நாள் கணக்கில் இல்லாமல் மணிக் கணக்கில் எழுதி ஒட்ட வேண்டும், அதை நிர்ணயிக்கும்போது தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் கூட இருக்க வேண்டும். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) செய்வது அவரவர் விருப்பம், மறுத்தவருக்கு அலவன்ஸ் வெட்டு, லைன் மாற்றம் என்று தண்டனை வரக் கூடாது.

இந்த மூன்றில் டார்கெட்தான் உயிர்நாடி. அது இல்லாமல் மற்ற இரண்டும் கிடைத்தால் நிலைமை இப்போதைவிட மோசமாகக்கூடப் போகலாம். ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது சட்டப்படி எவ்வளவு நேரம் வேலை வாங்கலாம்?

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம்தான் அடிப்படை. முன்பு வாரத்துக்கு 48 மணி என்றிருந்தது, 2023 ஜனவரி 1 முதல் 45 மணியாகக் குறைந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணிக்கு மேல் கூடாது. சில நாட்களில் குறைத்து வேலை செய்வதாக ஒப்பந்தம் இருந்தால் மற்ற நாட்களில் ஒன்பது மணி வரை போகலாம், ஆனால் வாரக் கணக்கு 45ஐத் தாண்டக் கூடாது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் உட்கார வைக்கக் கூடாது, அந்த ஓய்வு அரை மணிக்குக் குறையக் கூடாது. பத்து நிமிட டீ பிரேக்கை வைத்துக்கொண்டு "ஓய்வு கொடுத்துவிட்டோம்" என்று சொல்ல முடியாது. ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஒரு நாளின் வழக்கமான வேலை பத்து மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முழு நாள் விடுப்பு.

ஓ.டி. மாதத்துக்கு 104 மணி வரை போகலாம் என்று விதி இருக்கிறது. சட்டம் குறிப்பிட்டுச் சொல்லும் அவசரச் சூழல்கள் தவிர, ஓ.டி.யையும் சேர்த்து ஒரே நாளில் 12 மணிக்கு மேல் வேலை வாங்கவே கூடாது. ஆனால் அந்த 104ஐ வாரக் கணக்கில் பிரித்துப் பாருங்கள், ஏறக்குறைய 24 மணி வருகிறது. 45உடன் கூட்டினால் 69. சட்டத்தை ஒரு இம்மியும் மீறாமலே ஒரு பெண்ணை வாரத்துக்கு 69 மணி நேரம் மெஷின் முன் உட்கார வைக்கலாம். சட்டம் ஏற்கெனவே குறைத்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

பெல் அடிப்பதற்கு முன் மெஷின் துடைக்கிறோம், அசெம்பிளி நிற்கிறோம். பண்டல் (வெட்டிய துணிக் கட்டு) வராமல் காத்துக் கிடக்கிறோம். இதெல்லாம் வேலை நேரமா?

வேலை நேரம்தான். தொழிலாளி முதலாளியின் வசம் இருக்கிற, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தானே தீர்மானிக்க முடியாத நேரமெல்லாம் வேலை நேரம் என்று வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவு சொல்கிறது. ஏழரைக்கு வேலை என்றால் ஏழு இருபதுக்கு வரச் சொல்லி வரிசையில் நிறுத்தும் பத்து நிமிடமும் கணக்கில் வர வேண்டும். கட்டிங்கில் துணி தாமதமானால் அது உங்கள் குற்றமில்லை. அந்த நேரத்தைக் கழித்துக்கொண்டு சாயங்காலம் ஈடு கட்டச் சொன்னால் அது ஓ.டி.

பஸ்ஸில் போகிற நேரம் மட்டும் சட்டப்படி வேலை நேரத்தில் சேராது. எனக்கு இதில் பெரிய மனத்தாங்கல் உண்டு. ஆயர் ஈத்தாம் வழியாகப் பத்து பகாட் பக்கம் போகிற ஒருவர் விடிகாலை 5.45க்குத் தோட்ட முச்சந்தியில் நிற்கிறார். ஏழரைக்கு வேலை தொடங்கி, இரண்டு மணி நேர ஓ.டி.யும் முடித்து, இரவு 7.45க்கு வீட்டு வாசலை மிதிக்கிறார். வீட்டை விட்டு வெளியே இருந்தது 14 மணி நேரம், சம்பளம் ஒன்பதரை மணிக்கு. வேலை நாளில் குறைகிற ஒவ்வொரு மணி நேரமும் இவரைப் போன்றவர்களுக்குத்தான் முதலில் தேவை. ஐந்து நாள் வாரம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு நாள் குறைந்தால் ஒரு நாள் பஸ் பயணமும் சேர்ந்து குறைகிறது.

ஓ.டி. இல்லாவிட்டால் வீட்டு வாடகை, கார் லோன், பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் என்ன ஆகும்? சங்கம் எங்கள் வயிற்றில் அடிக்கிறதா?

கூட்டத்தில் முதலில் எழுகிற கேள்வி இது. கோபமாகக் கேட்கிறார்கள், கேட்பது நியாயமும்கூட. கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம்.

குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதல் இதுதான். நம் லைனில் பெரும்பாலோர் இதையொட்டித்தான் வாங்குகிறோம். ஓ.டி. கணக்குக்குச் சட்டம் மாதச் சம்பளத்தை 26ஆல் வகுக்கிறது, 65 வெள்ளி 38 காசு. அதை நாளின் வழக்கமான வேலை நேரத்தால் வகுத்து ஒன்றரையால் பெருக்க வேண்டும். எட்டு மணி நேர நாள் என்றால் ஒரு மணி ஓ.டி.க்கு 12 வெள்ளி 26 காசு. தினம் இரண்டு மணி வீதம் 26 நாள் செய்தால் 52 மணி, ஏறக்குறைய 637 வெள்ளி. இந்த 637ஐ விட்டுவிடு என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை. மாதச் செலவுக்கு 2,300 வெள்ளி தேவைப்படுகிற குடும்பத்துக்கு 1,700ஐ மட்டும் கொடுத்து, மிச்சத்தை உடம்பை விற்று ஈட்டிக்கொள் என்கிற ஏற்பாட்டைத்தான் மாற்றச் சொல்கிறோம். அதனால்தான் நேரக் கோரிக்கையும் அடிப்படைச் சம்பளக் கோரிக்கையும் ஒரே மனுவில் இருக்கின்றன.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஓ.டி. பணத்துக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கிடையாது. சேமநிதியில் உங்கள் பங்கு 11 விழுக்காடு, மாதம் 5,000 வெள்ளி வரை வாங்குகிறவர்களுக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. இரண்டும் அடிப்படைச் சம்பளத்துக்கு உண்டு, ஓ.டி.க்கு இல்லை. மாதம் 200 வெள்ளியை ஓ.டி.யாக வாங்கினால் அந்த 200தான் உங்களுக்கு. அதே 200 அடிப்படைச் சம்பளத்தில் ஏறினால் சேமநிதிக் கணக்கில் மாதம் 48 வெள்ளி சேரும், அதில் 26 வெள்ளி முதலாளி தன் பையிலிருந்து போடுவது. இருபது வருடம் ஓ.டி. ஓட்டிய அக்காமார் ஐம்பத்தைந்து வயதில் சேமநிதிக் கணக்கைப் பார்த்து வாயடைத்துப் போவதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அத்தனை மணி நேர உழைப்பில் ஒரு மணிகூட அந்தக் கணக்கில் ஏறவில்லை.

ஐந்து நாள் வாரம் வந்துவிட்டால் சனிக்கிழமை வேலை முழுவதும் ஓ.டி. கணக்கில் வரும். இன்று சனிக்கிழமை வேலை மாதச் சம்பளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 40 மணி ஒப்பந்தம் இருந்தால், விரும்பிப் போகிறவருக்கு எட்டு மணி நேரத்துக்கு 98 வெள்ளி கூடுதலாகக் கிடைக்கும். போகாதவருக்கு அந்த நாள் வீட்டில்.

45 மணி வந்த பிறகு எங்கள் பே ஸ்லிப்பில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

ஓ.டி. ரேட்டை. வாரம் ஆறு நாளும் ஏழரை மணி என்று உங்கள் கம்பெனி பிரித்திருந்தால், 65.38ஐ ஏழரையால்தான் வகுக்க வேண்டும். அப்போது ஒரு மணி ஓ.டி. 13 வெள்ளி 8 காசு. பழைய பழக்கத்தில் எட்டால் வகுத்து 12.26 போட்டால் மணிக்கு 82 காசு குறைகிறது. 52 மணிக்கு 42 வெள்ளி 50 காசு. ஒரு மாதத்துக்குச் சின்னத் தொகைதான், ஆனால் லைனில் இருக்கிற அத்தனை பேருக்கும், வருடம் முழுக்கக் கணக்குப் பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை எட்டு மணி, சனிக்கிழமை ஐந்து மணி என்று பிரித்திருந்தால் எட்டால் வகுப்பது தவறில்லை. ஆகவே முதலில் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், பிறகு ஸ்லிப்பைப் பாருங்கள்.

நான் பீஸ் ரேட்டில் தைக்கிறேன். எனக்கு மணிக் கணக்கு எதற்கு?

பீஸ் ரேட் ஆளுக்கு ஓ.டி. கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருப்பார். அது தவறு. சம்பளம் எந்த அடிப்படையில் நிர்ணயிக்கப்பட்டிருந்தாலும் வழக்கமான நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பீஸ் ரேட்டில் இருப்பவரின் நாள் கூலியை, முந்தைய சம்பளக் காலத்தில் சம்பாதித்ததை வேலை செய்த நாட்களால் வகுத்துக் கண்டுபிடிக்கிறார்கள். அதிலிருந்து மணிக் கூலி, அதிலிருந்து ஓ.டி. குறைந்தபட்சச் சம்பளமும் பீஸ் ரேட்டுக்குப் பொருந்தும். பீஸ் எண்ணிக்கை குறைந்தது என்று 1,700க்குக் கீழே கொடுக்க முடியாது.

டார்கெட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்? நேரம் குறைந்தால் போதாதா?

போதாது. 48 மணி 45 ஆனபோது நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

தையல் லைனில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிர்ணய நேரம் உண்டு. ஐ.இ. ஆபீசர் ஸ்டாப்வாட்சோடு பின்னால் வந்து நிற்பாரே, அவர் எடுப்பது அதைத்தான். எஸ்.ஏ.எம். என்று போர்டில் எழுதியிருக்கும். ஊசி ஓடுகிற நேரத்தோடு, நூல் அறுந்தால் கோர்க்கிற நேரம், பாபின் மாற்றுகிற நேரம், முதுகை நிமிர்த்துகிற நேரம், பாத்ரூம் போகிற நேரம் எல்லாவற்றுக்கும் அதில் ஒரு பங்கு சேர்த்திருக்க வேண்டும். ஒரு காலருக்கு அரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 120, எட்டு மணி நேரத்துக்கு 960.

இப்போது நாள் ஏழரை மணியாகிறது. கணக்குப்படி டார்கெட் 900 ஆக வேண்டும். ஆனால் போர்டில் 960 அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அது "நாள் டார்கெட்". அப்படியானால் ஒரு காலருக்கு 30 விநாடிக்குப் பதில் 28 விநாடி. இரண்டு விநாடிதானே என்று ஆபீசில் இருப்பவர்களுக்குத் தோன்றும். காலர் வைக்கிறவளுக்குத் தெரியும் அந்த இரண்டு விநாடி எது என்று. இடது கையால் காலரின் நடுப் புள்ளியைச் சட்டையின் நடுப் புள்ளியோடு பொருத்தி, விரலால் நீவி, பிறகு பாதத்தை இறக்குகிறோம். நீவுகிற அந்த நேரம்தான் பறிபோகிறது. நீவாமல் தைத்தால் ஒரு முனை தூக்கிக்கொள்ளும், க்யூ.சி. (தரப் பரிசோதனை) திருப்பி அனுப்பும், ரிப்பேரை மதிய இடைவேளையில் பிரித்துத் தைப்போம். குறைந்ததாகச் சொன்ன அரை மணி நேரம் நம் சாப்பாட்டு நேரத்திலிருந்தே திரும்ப எடுக்கப்பட்டுவிடும். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டியிருக்கும் என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எங்கள் லைனில் இருந்தார்கள். மூத்திரக் கடுப்பில் கிளினிக் போனால் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தாள் என்று வருகை அலவன்ஸ் போகும்.

அதனால்தான் மணி டார்கெட் கேட்கிறோம். போர்டில் மணிக்கு 120 என்று எழுதியிருந்தால், ஏழு மணி நேர நாளாக இருந்தாலும் எட்டு மணி நேர நாளாக இருந்தாலும் கையின் வேகம் ஒன்றுதான். ஸ்டாப்வாட்ச் எடுக்கும்போது லைனிலேயே வேகமான பெண்ணை மட்டும் தேர்ந்தெடுத்து, காலை எட்டு மணிக்கு, புது ஊசி போட்ட மெஷினில் அளக்கக் கூடாது. சுமாரான வேகம் உள்ளவரை, காலையிலும் ஒரு தடவை, மாலையிலும் ஒரு தடவை, வழக்கமான மெஷினில் அளக்க வேண்டும். நம் பிரதிநிதி கூட நின்று அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். மனுவில் இதை ஒரு தனிப் பத்தியாகவே எழுதியிருக்கிறோம்.

ஓ.டி. வேண்டாம் என்று சொல்லலாமா?

வழக்கமான நேரத்துக்கு மேல் முதலாளி கட்டாயமாக வேலை வாங்கக்கூடிய சூழல்களைச் சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது. விபத்து, மெஷின்களில் அவசர வேலை, எதிர்பாராத தடங்கல், சமூகத்துக்கு இன்றியமையாத பணி, இப்படி. ஏற்றுமதி ஆர்டர் நெருக்குகிறது, கப்பலுக்கு நாளாகிவிட்டது என்பதற்காக வாரா வாரம் நிறுத்திவைப்பது அந்தப் பட்டியலுக்குள் தானாக வந்துவிடாது. ஆனால் ஓ.டி. செய்யச் சம்மதிக்கிறேன் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும், பலர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்த வரியைக் காட்டித்தான் மிரட்டுவார்கள். தனியாகப் போய் வாதாட வேண்டாம். ஒப்பந்தத்தின் நகலோடு சங்கப் பிரதிநிதியைப் பாருங்கள். அடையாளக் கார்டையோ பாஸ்போர்ட்டையோ பிடித்து வைத்துக்கொண்டு, பயமுறுத்தி வேலை வாங்குவது வேறு விவகாரம். கட்டாய உழைப்புக்கு எதிராக வேலைச் சட்டத்திலேயே 90பி என்று தனிப் பிரிவு இப்போது இருக்கிறது.

முதலாளி வியட்நாமுக்கோ பங்களாதேசுக்கோ போய்விட்டால்?

இந்தப் பயம் வெறும் பூச்சாண்டி இல்லை. நெசவு, ஆடை வணிகத்தில் நாட்டுக்கு நாடு கோட்டா வைத்திருந்த ஏற்பாடு 2005 ஜனவரி 1ஆம் தேதி முற்றிலும் முடிந்தது. அதற்கு முன்பும் பின்பும் இந்த வட்டாரத்தில் மெஷின்களைக் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்கள் போனபோது நாம் வாரத்துக்கு 48 மணி வேலை செய்துகொண்டிருந்தோம் என்பதை மறக்காதீர்கள். நேரத்தைக் கூட்டிக் கொடுத்ததால் யாரும் இங்கேயே நின்றுவிடவில்லை. கூலி மட்டுமே கணக்கென்றால் நாம் ஒருநாளும் பங்களாதேசை முந்தப் போவதில்லை, முந்தவும் வேண்டாம்.

இங்கே இன்னும் இருக்கிற கம்பெனிகள் ஏன் இருக்கின்றன? கைப் பழக்கம், சின்ன ஆர்டரையும் சீக்கிரம் முடிக்கிற திறமை, சிக்கலான துணியைக் கெடுக்காமல் தைக்கிற அனுபவம். பக்கத்திலேயே சிங்கப்பூர், ஜோகூரின் துறைமுகங்கள். இவற்றில் எதுவும் களைத்துப் போன கையால் வருவதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் தைத்த பண்டல்களே மறுநாள் ரிப்பேருக்கு அதிகம் திரும்பி வருகின்றன என்று எந்த க்யூ.சி. பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். பேச்சுவார்த்தையில் நாங்கள் முதலில் கேட்கப் போவது அந்த ரிப்பேர் புத்தகத்தைத்தான்.

கூட வேலை செய்கிற நேப்பாளி, பங்களாதேசி, மியன்மார் பிள்ளைகள் ஓ.டி.யை விடமாட்டார்கள். நாம் மட்டும் நேரத்தைக் குறைத்து என்ன பயன்?

அவர்களும் சங்கத்தில் உறுப்பினராகலாம். 45 மணி, ஒன்றரை மடங்கு, 1,700 வெள்ளி எல்லாம் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும். ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய கடனை அடைக்க வேண்டும் என்பதால் ஓ.டி.யைத் தேடுகிறார்கள். நம் தாத்தா பாட்டியும் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறி வந்தவர்கள்தானே? தீபாவளிப் பலகாரம் கொடுக்கும்போது சிரித்துவிட்டு, அந்தப் பிள்ளைகள் நம் கூலியைக் கெடுக்க வந்தவர்கள் என்று பின்னால் போய்ப் பேசுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. எங்கள் துண்டறிக்கையை நேப்பாளியிலும் வங்காளத்திலும் எழுதித் தர அவர்களிலேயே ஆள் தேடுகிறோம். ஹாஸ்டல் வாசலில் நின்று பேச வரத் தயாராக இருப்பவர்கள் பெயர் கொடுங்கள்.

சங்கத்தில் சேர்ந்தால் வேலை போய்விடுமா?

சங்கத்தில் சேர்ந்ததற்காகவோ ஆள் சேர்த்ததற்காகவோ வேலையை விட்டு நீக்குவதும் மிரட்டுவதும் 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தடை செய்யப்பட்டவை. நியாயமில்லாமல் நீக்கினால் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். அறுபது நாள் என்பதை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். "அடுத்த மாதம் திரும்பக் கூப்பிடுகிறோம்" என்று சொல்லி நாளைக் கடத்துவார்கள், அறுபத்தொன்றாம் நாள் போனால் கதவு மூடியிருக்கும்.

சட்டம் இப்படியிருந்தும் தொந்தரவே வராது என்று நான் சொல்லமாட்டேன். சேர்ந்தவரைத் தனி லைனில் போடுவார்கள், கஷ்டமான ஆபரேஷன் கொடுப்பார்கள். ஒருவர் இருவராகச் சேராமல் ஒரு லைனே சேர்ந்து கையெழுத்துப் போடுவதுதான் இதற்கு மருந்து.

முதலாளி சங்கத்தோடு பேசவே மறுத்தால்?

சங்கம் முதலில் அங்கீகாரம் கேட்டு எழுத வேண்டும். கடிதம் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் விவகாரம் தொழில் உறவு இலாகாவுக்குப் போகும், தேவைப்பட்டால் இரகசிய வாக்கெடுப்பு. பாதிக்கு மேல் நம் பக்கம் இருக்க வேண்டும். வாக்குச் சீட்டில் யார் எதற்குப் போட்டார்கள் என்று சூப்பர்வைசருக்குத் தெரியாது, பயப்படாதீர்கள்.

அங்கீகாரம் கிடைத்தால் கூட்டு ஒப்பந்தப் பேச்சு தொடங்கும். வேலை நேரம் நிர்வாகத்தின் உரிமை, அதைப் பேச முடியாது என்று சிலர் சொல்வார்கள். பதவி உயர்வு, இடமாற்றம், ஆள் எடுப்பது, நீக்குவது, வேலை ஒதுக்குவது போன்றவற்றைத்தான் சங்கம் கோரிக்கையில் வைக்கக் கூடாது என்று சட்டம் விலக்கியிருக்கிறது. வேலை நேரம் அந்தப் பட்டியலில் இல்லை. ஒப்பந்தம் குறைந்தது மூன்று வருடத்துக்கு நிற்கும். சட்டம் 45 என்றால் ஒப்பந்தத்தில் 40 என்று எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. சட்டத்தைவிட நல்ல நிபந்தனை எப்போதும் செல்லும்.

இது தோட்டத்து மக்களுக்குப் புதுக் கோரிக்கையா?

நம் ஆட்கள் இதற்காக உயிரையே கொடுத்திருக்கிறார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், தொரைக்கு (வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிக்கு) முன்னால் சைக்கிளில் போக அனுமதி, கள்ளுக்கடையை மூடுவது, சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி ஆகியவற்றோடு, பத்து பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிப்பதும் இருந்தது. தலைமை தாங்கிய ஆர்.எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். எட்டு வருடம் கழித்து 1949 மே 4ஆம் தேதி, மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியைப் புடு சிறையில் தூக்கிலிட்டது பிரிட்டிஷ் அரசு.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 1918இல் சென்னை நெசவாலைத் தொழிலாளர்கள் பி.பி. வாடியா, திரு.வி.க. துணையோடு சங்கம் கட்டினார்கள். நூறு வருடம் கழித்தும் அங்கே போராட வேண்டியிருந்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்ததால், மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தையல் தொழிலாளர்கள் என்று பார்த்தால், 1909இல் நியூயார்க்கில் சட்டை தைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து 52 மணி நேர வாரம் கேட்டார்கள். தென்கொரியாவில் 1970 நவம்பர் 13ஆம் தேதி சுன் தே இல் என்கிற இருபத்திரண்டு வயதுத் துணி வெட்டும் தொழிலாளி, தையல் கடைகளில் அடைபட்டுக் கிடந்த சிறு பெண்களுக்காக, இருக்கிற தொழிலாளர் சட்டத்தையாவது மதியுங்கள் என்று கத்திக்கொண்டே தீக்குளித்தார்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் அம்மாமார் விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போனார்கள், பாலெடுத்து முடித்துப் பிற்பகலில் வீடு திரும்பினார்கள். அது சுகமான வாழ்க்கை இல்லை, ஆனால் பிள்ளை பள்ளி விட்டு வரும்போது பெரும்பாலும் தாய் வீட்டில் இருந்தாள். கைக்குழந்தையை விட ஆயாக் கொட்டகை இருந்தது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, செம்பனைக்கு மாற்றி, நம்மைத் தாமானுக்கு அனுப்பியபோது கொட்டகையும் போயிற்று, பிற்பகலும் போயிற்று. பேக்டரியில் குழந்தைக் காப்பகம் கேட்டுத் தனி மனுவும் தயாராகிறது.

உடம்புக்கு உண்மையில் அவ்வளவு கெடுதலா, அல்லது பெரிதுபடுத்துகிறீர்களா?

உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. வாரத்துக்கு 55 மணி அல்லது அதற்கு மேல் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இருதய நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம். 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 7,45,000 பேர் இதனால் இறந்திருக்கிறார்கள். 45 மணியோடு ஆறு நாளும் இரண்டு மணி ஓ.டி. சேர்த்தால் 57. அந்த 55ஐ நாம் சாதாரணமாகவே தாண்டிவிடுகிறோம். இனிப்பு நீரும் (நீரிழிவு) இரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கிற நம் சமூகத்தில் இதைப் பெரிதுபடுத்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெண்களுக்கு இரவு ஷிப்ட் கூடாது என்று சட்டம் இருந்ததே?

இருந்தது, 2023 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். ஆகவே அந்தப் பாதுகாப்பை இனிக் கூட்டு ஒப்பந்தத்தில்தான் எழுதி வாங்க முடியும். இரவில் முச்சந்தியில் இறக்கிவிடாமல் வீட்டு வாசல் வரை பஸ், இரவு அலவன்ஸ், கர்ப்பிணிகளுக்கு விலக்கு என்று கேட்கிறோம்.

அம்மாவுக்கு டயாலிசிஸ். எனக்கு மட்டும் நேரத்தை மாற்றித் தருவார்களா?

கேட்கலாம். வேலை நேரத்தையோ நாட்களையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்க 2023 முதல் சட்டத்தில் இடம் இருக்கிறது. 60 நாட்களுக்குள் முதலாளி எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. ஆனாலும் வாய் வார்த்தையாகக் கேட்டுவிட்டு வராதீர்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

என் வீட்டுக்காரர் சங்கக் கூட்டத்துக்குப் போகாதே என்கிறார்.

அவரையும் அழைத்து வாருங்கள் அக்கா. இபிஎஃப் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகு வீட்டுக்காரர்களே பெண்களைக் கூட்டத்துக்கு மோட்டாரில் கொண்டுவந்து விட்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

சரி, நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தினமும் நாலு விவரம் எழுதுங்கள்: பஞ்ச் கார்டு அடித்த நேரம், மெஷினில் உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், போர்டில் இருந்த டார்கெட். பண்டல் வராமல் காத்திருந்தால் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று ஓரத்தில் குறியுங்கள். மாதக் கடைசியில் பே ஸ்லிப்பைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தாளை அந்த நோட்டிலேயே ஒட்டுங்கள். ஸ்லிப்பில் ஓ.டி. மணிக்கணக்கு தனியாக இல்லாமல் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் லைனில் ஐந்து பேர் இப்படி மூன்று மாதம் எழுதினால் பேச்சுவார்த்தை மேசையில் அதுவே நம் ஆதாரம். கணக்கு எங்காவது உதைத்தால் ஆள்பல இலாகாவில் புகார் செய்வதற்கும் அதுதான் தேவைப்படும். நோட்டைப் பேக்டரி லாக்கரில் வைக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.